பின்னால் கட்டிய கைகள்

அவரை முன்னால் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் சோம்பேறி என்றுதான் சொன்னார்கள். நான் பெரும்பாலும் அவருக்குப் பின்னால் நின்றவள். அதனால் அவருடைய கைகள் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி இருக்கும். நாங்கள் குனிந்து நிமிர்ந்து வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்போம். அவர் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டார்.

"உங்க அக்கா கையில மருதாணி வெச்சுக்கிட்டு வராளா?" என்று என் அம்மா கேட்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஏனென்றால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அவருக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தது ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். அதியமான்கோட்டைப் பக்கத்து ஊர்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். அவர்களே நடத்துகிற, ஊருக்கும் பயன்படுகிற, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத ஒரு தொழிலை அவர்களைக் கொண்டே உண்டாக்க வேண்டும். இதுதான் அவர் வேலை. நாற்பதைத் தாண்டியவர். பழைய ஸ்கூட்டரில், நரைத்துப்போன ஹெல்மெட்டோடு தர்மபுரியிலிருந்து வருவார். எங்களுக்கு அவர் அக்கா. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

தொழில் தொடங்கியது இப்படித்தான். மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுவாரம் ஏரிக்கரை முழுக்கக் காகிதக் கப்பும் பிளாஸ்டிக் தட்டுமாகக் கிடந்தது. எங்கள் தெருவில் ஒரு மாடு அதைத் தின்று வயிறு ஊதிச் செத்துப்போனது. அக்கா எங்களைச் சேர்த்துப் போட்ட கூட்டத்தில் எல்லோரும் ஊராட்சியைத் திட்டினோம். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, என்னா பண்ணலாம்ங்கறீங்க?" என்றார். அதற்குப் பிறகு வாயையே திறக்கவில்லை. அவருக்கு அது ஒரு பழக்கம். கேள்வியைப் போட்டுவிட்டு மௌனமாக இருப்பார், அந்த மௌனம் நம் தலைமேல் ஏறி உட்காரும். அதைத் தாங்க முடியாமல்தான் நான், "எவர்சில்வர் தட்டு வாடகைக்கு வுடலாம்" என்று உளறினேன். அந்த உளறல்தான் இன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் சோறு போடுகிறது.

விசேஷ வீடுகளுக்குத் தட்டும் டம்ளரும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். பந்தி முடிந்ததும் நாங்களே எடுத்துக் கழுவி, துடைத்து, திரும்பக் கொண்டுவருவோம். அக்காவின் நிறுவனம் முதல் தட்டுகளை வாங்கிக் கொடுத்தது. மூடிக் கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்தை ஊரில் கேட்டு வாங்கினோம். அதன் பின்புறம் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டியும் குழாயும் இருந்தன. ஆளுக்கு ஒரே பங்கு, எல்லோரும் முதலாளி, எல்லோரும் வேலையாள். இதையெல்லாம் வாயால் பேசி முடித்தபோது சுலபமாக இருந்தது.

முதல் விசேஷம் மாதேஷின் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. மாதேஷ் எங்கள் குழுவில் ஒருவன், ஊரில் நிலபுலம் உள்ள குடும்பம். பையன்கள் தட்டு மூட்டைகளை இறக்கினார்கள். நாங்கள் பந்திக்குத் தட்டுப் போட்டோம். எல்லோரும் பாராட்டினார்கள். பந்தி முடிந்தது. பந்தலுக்குப் பின்னால், அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எச்சில் தட்டுகள் மலை மாதிரி குவிந்தன. அப்போது ஒரு காரியம் நடந்தது. எங்கள் குழுவில் இருந்த செல்வியும் அவளோடு காலனியிலிருந்து சேர்ந்த இரண்டு பெண்களும் அங்கே வந்தபோது, மற்ற நாங்கள் எல்லோரும் ஒதுங்கி அவர்களுக்குத் தொட்டிப் பக்கம் வழி விட்டோம். யாரும் யாரிடமும் கழுவச் சொல்லவில்லை. வழி விட்டோம், அவ்வளவுதான். நானும் ஒதுங்கினேன்.

செல்வி தொட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். "எல்லாருக்கும் ஒரே பங்குன்னுதானே பேசுனோம்? அப்பறம் இது மட்டும் ஏன் எங்களுக்குன்னு ஆச்சு?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் கேட்டிருப்போம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். "என்னைய ஏன் பாக்கறீங்க? நா இல்லைன்னு வெச்சுக்கங்க" என்றார். வெயில் நகர்ந்து தட்டுகள் மேல் விழுந்தது. சாம்பார் காய்ந்து ஒட்டியது. காக்கைகள் வந்தன. விருந்துக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு அக்கா மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இதற்கா இந்த அம்மாவுக்குச் சம்பளம் என்று நினைத்தேன்.

கடைசியில் மாதேஷ் பேண்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு போய்த் தட்டை எடுத்தான். அவன் சித்தி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். "வுடுங்க சித்தி, இது எங்க வேலைங்க" என்றான். அதற்குப் பிறகு நான் போனேன். பிறகு எல்லோரும் போனோம். செல்வி எழுந்து வந்து, "தேங்காய் நார வெச்சு இப்பிடித் தேய்க்கணும்" என்று மாதேஷுக்குக் காட்டிக் கொடுத்தாள். அவன் வீட்டில் ஒரு டம்ளர் கழுவியவன் இல்லை.

வேலை முடிந்தபோது சமையல்காரர் எங்களுக்கென்று சோறும் சாம்பாரும் பாயசமும் எடுத்து வைத்திருந்தார். நாங்கள் கழுவிய தட்டுகளிலேயே போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் நாங்கள் எல்லோரும் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அங்கேயே ஒரு விதி உண்டானது. தொட்டியில் கை வைத்தவர்களுக்குத்தான் பந்தியில் இடம். யாராக இருந்தாலும் சரி. அப்போதுதான் எங்களுக்கு அக்காவின் நினைவு வந்தது. மாதேஷ் எழுந்து போய்ச் சாப்பிடக் கூப்பிட்டான்.

"நா கழுவலியே கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்தடுத்த விசேஷங்களிலும் இதேதான். நாங்கள் வரிசையில் உட்காரும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். கொஞ்ச நாளில் நாங்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம்.

அவருடைய கைகளை நான் சரியாகப் பார்த்தது தொப்பூரில். சேலம் பக்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பிளாஸ்டிக் வேண்டாம் என்று எங்களை நம்பி வேறு ஏற்பாடே செய்திருக்கவில்லை. கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. எங்கள் குட்டியானை வண்டி தட்டு மூட்டைகளோடு அதற்குப் பின்னால் நின்ற வரிசையில் மாட்டிக்கொண்டது. முகூர்த்த நேரம் நெருங்குகிறது. கல்யாண வீட்டார் அக்காவின் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கத்தினார்கள். அவர் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார். அவருக்குச் சேலத்தில் தெரிந்தவர்கள் நிறைய. ஒரு போன் செய்திருந்தால் ஏதாவது ஒரு மண்டபத்திலிருந்து தட்டு வந்திருக்கும். அதைச் சொல்லியும் கேட்டேன். "நா இல்லைன்னா என்னா பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க கண்ணு" என்றார்.

நான் அழுதுகொண்டே கல்யாண வீட்டாரிடம் உள்ளதைச் சொன்னேன். நேரத்துக்கு வர முடியாது, முதல் பந்திக்கு வாழை இலை வாங்கிக்கொள்ளுங்கள், தவறு எங்களுடையது என்றேன். மாதேஷ் சாலையோர ஓட்டல் ஒன்றில் கெஞ்சி, எதிர்ப்பக்கம் போகிற வண்டி ஒன்றைப் பிடித்து, சில மூட்டைகளைச் சுற்று வழியாக அனுப்பினான். இரண்டாவது பந்திக்குத் தட்டு போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அடுத்த வருஷம் தன் மகள் கல்யாணத்துக்கும் எங்களையே கூப்பிட்டார்.

நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா எனக்கு முன்னால், சாலையைப் பார்த்து நின்றிருந்தார். கைகள் பின்னால். வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் தோல் வெளுத்துப்போயிருந்தது. நகம் பதிந்திருந்தது. ஆடு மிரண்டு ஓடாமல் கயிற்றைப் பிடிப்பார்களே, அப்படி அவர் தன் கையைத் தானே பிடித்துவைத்திருந்தார். அன்றைக்கு முதல் என் அம்மா மருதாணிப் பேச்சை எடுத்தால் நான் சிரிப்பதில்லை.

காரணம் தெரிந்தது சித்தேரியில். மலை மேல் ஓர் இளைஞர் குழு எங்களைப் போலவே தொடங்க வேண்டும் என்று கேட்டிருந்தது. நான் பேசப் போனேன். அக்கா வழி காட்ட மட்டும் வருவதாகச் சொன்னார். பஸ் மலையேறத் தொடங்கியதிலிருந்து அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குத் தலை சுற்றுகிறதோ என்று எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், முகரவில்லை.

ஊருக்குள் ஒரு கொட்டகை பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஆடுகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அக்காவை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கொட்டகை, அக்கா இளவயதில் அந்த ஊர்ப் பெண்களுக்கு ஆரம்பித்துக் கொடுத்த சாமை அரிசி மில்லாம். அந்தப் பெண் அதில் வேலை பார்த்தவளாம். "நீங்க இருந்தவரைக்கும் அருமையா ஓடுச்சுங்க. நீங்க கீழ போனீங்க, நாங்களும் வூட்டுல குந்திக்கிட்டோம்" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை, புகழ்ந்துதான் சொன்னாள். அவளோடு வேலை பார்த்த சின்னப் பெண்களை எல்லாம் உடனே கட்டிக் கொடுத்துவிட்டதாகவும், சிலர் திருப்பூர் மில்லுக்குப் போய்விட்டதாகவும் சொன்னாள். அக்கா ஒவ்வொருத்தியின் பெயராகச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே பேசினார். சாமை வாங்கியது அவர், மெஷினைப் பழுது பார்த்தது அவர், பாக்கெட் போட்டது, சந்தையில் விற்றது, அதிகாரியிடம் சண்டை போட்டது எல்லாம் அவர். அந்தப் பெண்கள் அவர் சொன்னதைச் செய்தார்கள். "நா ரொம்ப நல்லா வேலை செஞ்சேன் கண்ணு. அதான் நா பண்ண தப்பு" என்றார். அவரை வேறு இடத்துக்கு மாற்றியபோது சாவியை வாங்கிக்கொள்ள யாருமே முன்வரவில்லையாம். அதைச் சொல்லும்போதும் அவர் கைகள் சும்மா இருக்கவில்லை, எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தன. வேலை செய்யத் துடிக்கிற கைகள் அவை. எங்களுக்காக அவற்றைக் கட்டிப்போட்டிருந்தார். அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் குழுவின் இன்னொரு விதியும் அவர் கேட்ட ஒரு கேள்வியால் வந்ததுதான். தொழில் கொஞ்சம் நிமிர்ந்தபோது ஒரு கூட்டத்தில், "நாளைக்கி எங்க ஆபீஸ்காரங்க யாராச்சும் வந்து இது எங்களுதுன்னு உக்காந்துக்கிட்டா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். வழக்கம்போல அப்புறம் மௌனம். நாங்கள் யோசித்து, தொடங்கிக் கொடுத்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர் யாரும் எந்தக் காலத்திலும் எங்கள் குழுவில் சேர முடியாது என்று முடிவு செய்தோம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "இப்பத்தான் பயம் வுட்டுச்சு" என்றார்.

அப்புறம் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்த உதவி நின்றுபோய் அதை மூடிவிட்டார்கள். அக்காவுக்கு வேலை போயிற்று. அவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. வேறு துணை கிடையாது. அம்மாவை விட்டுவிட்டு வெளியூர் போக முடியாது, பக்கத்தில் அந்த வயதில் யாரும் வேலை கொடுக்கவில்லை. சில மாதம் அவரைக் காணவில்லை. ஒரு நாள் மத்தியானம், ஒரு வளைகாப்பு வேலை முடிந்து எச்சில் தட்டுகளைச் சொசைட்டித் தொட்டிக்கே கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் தண்ணீர் இல்லை. அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும், "எனக்கு ஒரு வேலை வேணும் கண்ணு. தொட்டியில எனக்கும் ஒரு முறை போடுவீங்களா?" என்றார். அவர் எங்களிடம் தனக்காக ஏதாவது கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

அவரே, "உள்ள போயிப் பேசி முடிவு பண்ணுங்க. நா வெளிய நிக்கிறேன்" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். மாதேஷ், அக்காவைச் சேர்த்துக்கொள்வோம், இதில் பேச என்ன இருக்கிறது என்றான். ஒருவர் அந்த விதியை நினைவுபடுத்தினார். விதியை மாற்றலாமே என்றார் இன்னொருவர். ஒருமுறை மாற்றினால் அப்புறம் யாருக்காகவும் மாற்ற வேண்டிவரும் என்று ஒரு பேச்சு வந்தது. செல்வி எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் எழுந்து பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது குழுவை முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்தது நான்தான்.

"அவங்க கேட்டதாலதான் அந்த விதியே வந்துச்சு. அவங்களுக்காக மாத்துனா நாளைக்கி அவங்களுக்கே புடிக்காது" என்றேன்.

நான் சொன்னது உண்மை. இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். அவர் உள்ளே வந்தால் மறுபடி எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம், அப்புறம் சித்தேரிக் கொட்டகை மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயமும் உண்மை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது, அவர் வந்தால் பார்க்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இதை நான் அன்றைக்கு வெளியே சொல்லவில்லை.

இப்போது எங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். யாருடைய தயவும் இல்லாமல் தாங்களே நடத்துகிறார்கள் என்று மேடையில் என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். கைதட்டுகிறார்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்காருகிறேன். அக்கா தன் அம்மா இறந்த பிறகு ஓசூர் பக்கம் ஏதோ விடுதியில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. பழைய எண் வேலை செய்வதில்லை. தேடிப் போயிருக்கலாம். போய் என்ன சொல்வது என்று தெரியாததால் போகவில்லை.

அன்றைக்கு முடிவைச் சொல்ல நான்தான் வெளியே போனேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியருகே குந்தியிருந்தார். எச்சில் தட்டுகளை எல்லாம் கழுவி முடித்துவிட்டிருந்தார். கடைசி டம்ளர்கள் கையில் இருந்தன. நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை அது. அவருடைய கைகள் அவ்வளவு வேகமாக ஓடியதை நான் பார்த்ததே இல்லை. முகம் தெளிவாக இருந்தது. இத்தனை வருஷம் கட்டிவைத்த கைகளை ஒரு மத்தியானம் அவிழ்த்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சொல்லு கண்ணு" என்றார், கையை நிறுத்தாமல்.

சொன்னேன்.

டம்ளரை அலசிக் கவிழ்த்தார். எழுந்து தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரியாத்தான் முடிவு பண்ணியிருக்கீங்க" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார். பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கைகள் பின்னால் போகவில்லை, ஈரத்தோடு பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எதற்காக நின்றார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஸ்கூட்டர் சத்தம் மெயின் ரோட்டில் போய்க் கரைந்த பிறகு உள்ளே வந்தேன்.

வளைகாப்பு வீட்டில் கொடுத்த புளிச்சாதமும் தேங்காய்ச்சாதமும் உள்ளே இருந்தன. கழுவிய தட்டுகளை எடுத்து வந்து வரிசையாகப் போட்டோம். எல்லோருக்கும் பசி. செல்விதான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றாள்.

"இதெல்லாம் யாரு கழுவுனது?" என்றாள்.

"அக்கா."

"அக்கா கழுவுனாங்கல்ல? ஏன் சாப்புடக் கூப்புடல?"

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். எங்கள் விதிப்படி அன்றைக்குத் தொட்டியில் கை வைத்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பந்தியில் உட்கார அவர் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. யாரோ சாதத்தைப் பரிமாறினார்கள். அவர் கழுவி வைத்த தட்டுகளில் நாங்கள் சாப்பிட்டோம்.